பிணக்கைப் பாடமாக்கிய கழகம்



போர் தொடங்கிய ஆண்டையும் முடிந்த ஆண்டையும் சரித்திர நூல்கள் தவறாது குறித்து வைத்திருக்கின்றன. எந்த மன்னன் எந்தக் களத்தில் வென்றான் என்பதைப் பள்ளிச் சிறுவனும் ஒப்புவிப்பான். ஆனால், பிணக்கு எவ்வாறு முளைக்கின்றது, எந்த நிலையில் அது தீராப் பகையாக முற்றுகின்றது, எந்த வழியால் அதனைத் தணிக்கலாம் என்னும் வினாக்களைத் தனியொரு கல்வித் துறையாக வகுத்து ஆராயலாம் என்ற எண்ணம் மிகப் பிந்தியே தோன்றிற்று. அந்த எண்ணத்துக்கு முதன்முதலில் நிழல் கொடுத்த இடங்களுள் ஒன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆன் ஆபர் நகரிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகம். அங்கே 1959 ஆம் ஆண்டில் தோன்றி, 1971 ஆம் ஆண்டில் மூடப்பட்ட பிணக்குத் தீர்வு ஆராய்ச்சி நிலையத்தின் வாழ்வு சிந்தித்தற்குரியது.

அதன் வித்து விழுந்தது கலிபோணியாவிலே. நடத்தை அறிவியல்களுக்கான உயராய்வு நிலையம் ஒன்று 1954 ஆம் ஆண்டில் ஸ்ரான்போட் நகரிலே திறக்கப்பட்டது. கற்பித்தற் சுமையின்றி ஓராண்டு தங்கி ஆராயுமாறு அறிஞர்கள் அங்கு அழைக்கப்பட்டனர். லிவர்ப்பூலிற் பிறந்த பொருளியலறிஞர் கென்னத் போல்டிங், பியானோக் கலைஞராகப் பயின்று கணிதத்துக்குத் திரும்பிய அனற்றோல் றப்பபோட், வியன்னாவிற் பிறந்து நாற்சிகளின் கொடுமைக்குத் தப்பிவந்த உளவியலாளர் ஹேபேட் கெல்மன் ஆகியோர் அங்கே ஒன்றுகூடினர். அவர்களுடன் ஸ்ரீபன் றிச்சாட்சன் என்பவரும் இருந்தார். அவர் தம் தந்தையாரின் அச்சேறாத எழுத்துக்களை நுண்படச் சுருளிலே பதித்துக் கொண்டுவந்திருந்தார்.

தந்தையாரான லூயிஸ் றிச்சாட்சன் வானிலை அறிஞர், குவேக்கர் சமயத்தவர். முதலாம் உலகப் போரிலே படைக்கலம் ஏந்த மறுத்து, பிரான்சிய போர்முனையில் நோயாளர் வண்டி ஓட்டியவர். மழையையும் காற்றையும் கணக்கிட்டது போலவே மனிதர் மடிந்த போர்களையும் எண்ணிக் கணித்துப் பார்க்க அவர் முயன்றார். 1953 ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது, அவ்வுழைப்பை அறிந்தவர் மிகச் சிலரே. ஸ்ரான்போட்டில் அதனைப் படித்தவர்கள், போரைப் பற்றி நிதானமாக ஆராய இயலும் என்பதற்கு அதனை ஒரு சான்றாகக் கண்டனர். அவருடைய இரு பெருநூல்களும் 1960 ஆம் ஆண்டில் வெளிவந்தன.

மிச்சிகனுக்குத் திரும்பிய போல்டிங் முதலானோர் 1957 ஆம் ஆண்டில் 'பிணக்குத் தீர்வுச் சஞ்சிகை'யைத் தொடங்கினர். 'சமாதானம்' என்ற சொல்லை அவர்கள் பெயரிலே சேர்க்கவில்லை. அக்காலம் பனிப்போர்க் காலம். சமாதானம் என்று பேசியவர் எவரும் மாற்றாருக்கு உளவு பார்ப்பவரோ என்று ஐயுறப்பட்டனர். ஆகவே, தொழிலாளர் பூசல், குடும்பப் பூசல், இனப் பூசல், நாடுகளின் போர் ஆகிய அனைத்தையும் ஒருங்கே அடக்கும் 'பிணக்கு' என்ற பொதுச் சொல்லையே தேர்ந்தனர். பெயரில் அவர்கள் காட்டிய இந்த முன்னெச்சரிக்கை, துறையின் எல்லையை விரிவாக்கவும் உதவிற்று.

ஈராண்டு கழித்து ஆராய்ச்சி நிலையம் உருவாயிற்று. சமூகவியலாளர் றொபேட் ஏஞ்சல் அதன் தலைமைப் பொறுப்பைப் போல்டிங்குடன் ஏற்றார். அது ஊர் கூடித் தேர் இழுத்தது போன்ற முயற்சி. பொருளியலார், சமூகவியலார், உளவியலார், கணிதர், அரசறிவியலார் ஆகியோர் தத்தம் துறைகளில் இருந்தவாறே வந்து தோள்கொடுத்தனர்.

அவர்கள் செய்த வேலையின் தன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ஒருவரையொருவர் காணாத இரு மாணவர் ஒரு விளையாட்டில் அமர்த்தப்பட்டனர். இருவரும் ஒத்துழைத்தால் இருவருக்கும் நன்மை. ஒருவர் ஒத்துழைக்க மற்றவர் வஞ்சித்தால், வஞ்சித்தவருக்குப் பெரும் இலாபம். இருவரும் வஞ்சித்தால் இருவருக்கும் நட்டம். றப்பபோட்டும் அவருடைய துணைவர் சம்மாவும் ஒரே சோடியை 300 முறை இவ்வாறு ஆடவிட்டனர். முதலில் ஒத்துழைப்புக் குறைந்தது. ஐயம் ஐயத்தை வளர்த்தது. ஆனால், ஆட்டம் நீளநீள, பட்டறிவு பெற்ற பல சோடியினர் ஒத்துழைப்புக்கு மீண்டனர். 1965 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த இந்த ஆராய்ச்சி, இழந்த நம்பிக்கையை மீட்க இயலும் என்பதையும், அதற்குக் காலமும் பொறுமையும் வேண்டும் என்பதையும் எண்களால் உணர்த்திற்று.

நிலையத்தைத் தாங்கியவர் பேராசிரியர் மட்டுமல்லர். போல்டிங்கின் மனைவியார் எலிஸ், நோர்வேயிற் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளின் தாய். பல நாட்டு ஆராய்ச்சியாளரையும் இணைக்கும் செய்தி மடல் ஒன்றை அவர் தொகுத்து அனுப்பினார். 1965 ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரிலே முதல் மாநாட்டை நடத்திய அனைத்துலகச் சமாதான ஆராய்ச்சிச் சங்கம் உருவாவதற்கு அம்மடலும் ஒரு பாலமாயிற்று. சஞ்சிகையின் நிருவாக ஆசிரியராக 1963 ஆம் ஆண்டு முதல் உழைத்தவர் எலிசபெத் கொன்வேர்ஸ் அம்மையார். நியூயோக் நகரிலே தாமே பாட்டியற்றிக் கித்தார் மீட்டிப் பாடியும் புகழ் காணாது, 1961 ஆம் ஆண்டில் ஆன் ஆபருக்கு வந்தவர் அவர். பிறருடைய கட்டுரைகளைத் திருத்தியதோடு அமையாது, 1968 ஆம் ஆண்டில் அச்சஞ்சிகையின் பன்னிரண்டு ஆண்டுப் பணியையும் மதிப்பிட்டு நீண்டதொரு ஆய்வுரையை வரைந்தார்.

1965 ஆம் ஆண்டில் ஒரு சோதனை வந்தது. வியட்னாம் போர் கடுமையுற்றபோது, மிச்சிகன் ஆசிரியர் சிலர் ஒருநாள் வகுப்பை நிறுத்தி எதிர்ப்பைக் காட்டத் தீர்மானித்தனர். நிலையத்தைச் சேர்ந்த சமூகவியலாளர் வில்லியம் கம்சனும் அவர்களுள் ஒருவர். மாநில ஆளுநரும் சட்டசபையினரும் சினந்தனர். சக ஆசிரியர் பலரும் ஒப்பவில்லை. பிணக்கை ஆராய்ந்தவர்களே பிணக்கின் நடுவில் நின்றனர். நெடுநேரம் கூடிப் பேசியபின், பாடத்தை நிறுத்துவதற்குப் பதிலாகப் பாடத்தைப் பெருக்குவது என்ற புதுவழி பிறந்தது. மார்ச் 24 ஆம் திகதி இரவு தொடங்கி மறுநாட் காலை வரை சொற்பொழிவும் விவாதமும் நிகழ்ந்தன. ஏறக்குறைய 3,000 பேர் கூடினர். மாணவியர் விடுதிக்குத் திரும்பவேண்டிய நேரக் கட்டுப்பாடும் அன்றிரவு தளர்த்தப்பட்டது. வெடிகுண்டு மிரட்டலால் மண்டபத்தை விட்டு வெளியேற நேர்ந்தபோது, மக்கள் குளிரிலே திறந்தவெளியில் நின்று பேச்சைத் தொடர்ந்தனர். இம்முறை விரைவில் வேறு பல பல்கலைக்கழகங்களுக்கும் பரவிற்று.

எனினும், நிலையத்தின் அத்திவாரம் ஆழமற்றது. அதற்கெனத் தனித் துறையோ உறுதியான பொருள் வருவாயோ அமையவில்லை. நடுநிலை ஆராய்ச்சியே போதும் என்போருக்கும், அநீதியைக் கண்டு எழவேண்டும் என்போருக்கும் இடையே இடைவெளி விரிந்தது. போல்டிங் 1967 இல் கொலராடோவுக்குச் சென்றார். றப்பபோட் 1970 இல் கனடாவுக்குச் சென்றார். 1971 இல் நிலையம் மூடப்பட்டது. சஞ்சிகை 1972 ஆம் ஆண்டின் இறுதியில் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. 1974 ஆம் ஆண்டு ஓகஸ்டில் கொன்வேர்ஸ் அம்மையார் உற்றாருக்கு மடல்கள் எழுதிவிட்டுத் தம் காரிலே புறப்பட்டார். பின்னர் அவரை எவரும் கண்டிலர். அவருடைய பாடல்கள் 2009 ஆம் ஆண்டில் இசைத்தட்டாக வெளிவந்தன.

மரம் சாய்ந்தபின் வித்துக்கள் வேறிடங்களில் முளைத்தன. மிச்சிகனிற் பணிபுரிந்த கெல்மன், 1966 ஆம் ஆண்டில் இலண்டனில் யோன் பேட்டன் சைப்பிரசின் இரு சமூகத்தாரையும் நேருக்கு நேர் அமர்த்திய கருத்தரங்கிலே கலந்துகொண்டார். அம்முறையைப் பின்னர் இஸ்ரவேலர், பலஸ்தீனரிடையே பல ஆண்டுகள் கையாண்டார். அந்தப் பேட்டன், 1951 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் உயர்தானிகராக இலங்கையில் இருந்தவர். வேர்ஜீனியாவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 1982 ஆம் ஆண்டில் பிணக்குத் தீர்வுக்கென முதுமாணிக் கல்வி தொடங்கிற்று. பேட்டன் அங்கும் கற்பித்தார்.

பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்த நிலையம் எந்தப் போரையும் நிறுத்தவில்லை. பிணக்கு விதியின் விளையாட்டு என்று கைகட்டி நின்றோரிடையே, அது கற்று அறிதற்குரியது என்று அது காட்டிற்று. அறிதற்குரியது எதுவோ அது கற்பித்தற்கும் உரியது. அக்கல்விக்கு நிலையான இடமும் ஆதரவும் கொடாத சமுதாயம், போருக்கு அதனினும் பன்மடங்கு கொடுக்க நேரிடும்.