ஊரார் எழுப்பிய கல்விக்கூடம்: கல்லடி சிவானந்த வித்தியாலயமும் அதன் காலமும்

பள்ளிக்கூடமொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் கட்டடங்களையும், அதிபர்களின் வரிசையையும், தேர்வுப் பெறுபேறுகளையுமே தொகுத்து வைப்பர். அவை வேண்டுவனவே. ஆயின் அப்பள்ளி எக்குறையை நீக்க எழுந்தது, எவர் அதனைத் தமதென்று தாங்கினர் என்னும் வினாக்களே அதன் வரலாற்றுக்கு உயிர்நிலையாவன. கீழைக் கரையிலே, மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே கல்லடி உப்போடையில் நிற்கும் சிவானந்த வித்தியாலயத்தை இவ்வினாக்களோடு நோக்குவது பயனுடைத்து.

ஈழத்தின் கிழக்கில் ஆங்கிலக் கல்வியைத் தொடக்கியோர் கிறித்தவ மிஷனரிமாரே. மெதடிஸ்த சபையைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் 1814 இல் மட்டக்களப்பை அடைந்து பள்ளிகளை நிறுவினார். மறு ஆண்டிலேயே அவர் உயிர் நீத்தார். எனினும் அவர் இட்ட வித்து மத்திய கல்லூரியாக வளர்ந்தது. கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி 1873 இல் தோன்றியது. கல்முனையிலும் மெதடிஸ்த மிஷனரிமார் பாடசாலை நடத்தினர். இவற்றின் தொண்டு மறுக்கற்பாலதன்று. ஆயினும் அங்கே கல்வி மதத்தோடு பிணைந்தே வழங்கப்பட்டது. தம் சமயத்தையும் மரபையும் விடாமல் தம் மக்கள் கற்க வேண்டும் என்று விரும்பிய சைவரும் முஸ்லிம்களும் இதனால் இருதலைக் கொள்ளி எறும்பாயினர். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும், கொழும்பில் சித்திலெவ்வை முதலியோரின் முயற்சியால் 1892 இல் பிற்காலத்து ஸாஹிறாக் கல்லூரிக்கு வித்திடப்பட்டதும் இந்நெருக்கடிக்கு அவ்வச் சமூகத்தார் கண்ட விடைகளாம்.

அந்த 1892 ஆம் ஆண்டிலேயே கல்முனைக்குத் தெற்கேயுள்ள காரைதீவில் மயில்வாகனன் என்னும் இயற்பெயர் கொண்ட விபுலாநந்தர் பிறந்தார். கல்முனை மிஷன் பாடசாலையிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்று, 1908 இல் கேம்பிரிட்ஜ் சீனியர்த் தேர்வில் தேறினார். பின்னர் கொழும்பில் ஆசிரியப் பயிற்சியும் விஞ்ஞானக் கல்வியும் பெற்றார். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதத் தேர்வில் வெற்றி பெற்றார். இலங்கையில் பல்கலைக்கழகமே இல்லாத அந்நாளில், ஆசிரியத் தொழில் புரிந்துகொண்டே படித்து, இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரி மாணவராக விஞ்ஞானப் பட்டத்தையும் ஈட்டினார். பௌதிகமும் பழந்தமிழும் ஒருவருள்ளே பகையின்றி வாழ்ந்தன என்பதே இவ்வாழ்க்கையில் நுனித்து நோக்கற்பாலது. பின்னர் அவர் எழுப்பிய பள்ளிக்கு அடிப்படையாக அமைந்ததும் இவ்விணக்கமே.

மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியைத் துறந்து இராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்த அவர், 1924 இல் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்றார். மறு ஆண்டு ஈழம் மீண்டு, கிழக்கிலும் வடக்கிலும் மிஷன் பள்ளிகளை மேற்பார்த்தார். 1929 இல் கல்லடி உப்போடையிலே தம் குருவின் பெயரால் சிவானந்த வித்தியாலயம் திறக்கப்பெற்றது. முதல் அதிபராகச் சுவாமிகளே அமர்ந்தார். இவ்விடத்தேர்வு கருதத்தக்கது. வாவியின் மேலாகக் கல்லடிப் பாலம் 1924 இல் அமைந்திருந்தது. அதனால் நகரத்துப் பிள்ளைகளுக்கு எட்டும் தொலைவும், நகரச் சந்தடி தீண்டாத அமைதியும் அப்பள்ளிக்கு ஒருங்கே வாய்த்தன.

உதவி நன்கொடை பெறும் பள்ளிகளின் நிலை அக்காலத்தில் எளிதன்று. அரசு தேர்வையும் பாடத்திட்டத்தையும் வகுத்து நன்கொடை வழங்கும். நிலமும் கட்டடமும் தளபாடமும் முகாமையாளர் பொறுப்பு. ஆதலின் துறவியர் ஊரூராகச் சென்று பொருள் திரட்டினர். பாடமொழி ஆங்கிலம், தேர்வுகளும் ஆங்கிலத்திலேயே. அச்சட்டகத்துக்குள் நின்றே தமிழையும் சமயத்தையும் விஞ்ஞானத்தையும் ஒருங்கு புகட்டல் வேண்டும். பள்ளியை ஒட்டி மாணவர் இல்லம் அமைந்தது. பெற்றோரை இழந்த சிறாரும், நெடுந்தொலைவிலிருந்து வந்த ஏழைப் பிள்ளைகளும் அங்கே தங்கிக் கற்றனர். வழிபாடும் படிப்பும் கைத்தொண்டும் ஒரே நாளின் கூறுகளாக அமையும் குருகுல வாழ்வே அதன் இலட்சியம்.

விபுலாநந்தர் 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய்ச் சென்றார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அப்பதவியை முதன்முதல் வகித்தார். இடையே 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். தாய்மொழியிலே விஞ்ஞானம் கற்பிக்கலாம் என்பது அவருக்கு வெறும் ஆர்வமன்று. வகுப்பறையிலே நின்று கண்ட தேவை. கல்லடி வாவியில் நிலாக்காலத்தே கேட்கும் மீனிசையை நீரரமகளிர் பாடலாக்கி, பழந்தமிழ் யாழின் சுருதிகளைக் கணிதத்தால் அளந்து, 1947 இல் யாழ்நூலை அரங்கேற்றினார். அவ்வாண்டு ஜூலை 19 ஆம் நாள் மறைந்த அவருடைய சமாதி அவ்வித்தியாலய வளவிலேயே அமைந்தது.

அரசு செய்யாததைச் சமூகம் தானே செய்து கொள்ளுதல் ஈழத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. ஆஸ்திரியப் பேரரசின் கீழ் வாழ்ந்த செக் மக்கள், ஜேர்மன் மொழியின் மேலாதிக்கத்திடையே தம் பிள்ளைகள் தாய்மொழியிற் கற்கும் பொருட்டு, 1880 இல் பள்ளிக் கழகமொன்றை நிறுவி மக்களிடம் சிறுதொகைகளாகப் பணம் திரட்டினர். ஓப்பாவா நகரில் 1883 இல் தனியார் செக் உயர்பள்ளியொன்று எழுந்தது. பிராக் நகரில் எழுத்தாளர் எலிஷ்கா கிராஸ்னொஹோர்ஸ்காவின் முயற்சியால் 1890 இல் மினர்வா என்னும் பெண்கள் உயர்பள்ளி தோன்றியது. பெண்கள் பல்கலைக்கழகம் புகுதற்குரிய தகுதிக் கல்வியை அரசு மறுத்த காலத்தில் அத்தனியார் பள்ளியே அதனை அளித்தது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி சைவ பரிபாலன சபையின் கீழ் வந்த ஆண்டும் அதுவே. இரு நாட்டாரும் ஒருவரையொருவர் அறியார். எனினும் அவர்களை உந்திய குறை ஒன்றே.

ஆயின் தன் சமூகத்துக்கென எழும் பள்ளி பிற சமூகத்தாருக்குக் கதவடைத்து விடுமோ என்னும் ஐயம் எழுதல் இயல்பு. இதற்கு வரலாறு தரும் விடைகளுள் ஒன்று ஏ. எம். ஏ. அஸீஸ். 1911 இல் வண்ணார்பண்ணையில் பிறந்த அவர், இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்று, இலங்கைச் சிவில் சேவையின் முதல் முஸ்லிம் உத்தியோகத்தரானார். 1942 இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்து, போர்க்கால உணவு உற்பத்தியை மேற்பார்த்த அவர், விபுலாநந்தரோடு நெருங்கிப் பழகினார். அவ்வாண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை நிறுவினார். 1948 இல் பதவி துறந்து ஸாஹிறாக் கல்லூரியின் அதிபரானார். இந்துப் பள்ளியிற் கற்ற முஸ்லிம் மாணவர் முஸ்லிம் கல்விக்குத் தூணாயினார். கல்முனை, காரைதீவு, சவளக்கடை என வயலும் சந்தையும் இரு சமூகத்தார்க்கும் பொதுவாயுள்ள இப்பிரதேசத்தில் இச்செய்தி மறக்கற்பாலதன்று.

கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1960 இன் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 இன் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடைப் பள்ளிகளுள் மிகப் பெரும்பாலானவற்றை அரசின் கீழ்க் கொணர்ந்தன. மிஷன் பள்ளிகள் அரசின் பள்ளிகளாயின; மாணவர் இல்லங்களோ மிஷனிடமே தொடர்ந்தன. இம்மாற்றத்தால் ஏழையின் பிள்ளை பெற்ற பயன் பெரிது. முன்னர் கொடையாகக் கிடைத்தது பின்னர் உரிமையாகக் கிடைத்தது. ஆசிரியரின் சம்பளம் வசூலை நம்பி நிற்கவில்லை. இதனைக் குறைத்துரைத்தல் நன்றியின்மையாகும். எனினும் இழப்பும் உண்டு. கூரை ஒழுகினால் ஊரார் கூடி ஓலை வேய்ந்த காலம் போய், திணைக்களத்துக்கு விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கும் காலம் வந்தது. பள்ளி எல்லார்க்கும் உரியதாயிற்று. அதனாலேயே அதனைத் தன்னதென்று எண்ணிக் கவலையுறுவோர் அருகினர்.

உரிமையும் பொறுப்பும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. அரசு பொருளளிக்கும் பள்ளியையும் ஊரார் தமதென்று தாங்கலாம். ஒரு சமூகத்தார் நிறுவிய பள்ளியும் பிறருக்கு வாயில் திறக்கலாம். சுவாமிகளின் சமாதியிலே பொறிக்கப்பட்டுள்ள அவரது மலர்ப் பாடல், இறைவன் உவப்பது புற மலரையன்று, உள்ளமாகிய மலரையே என்னும் கருத்தினது. பள்ளிக்கும் அஃது ஒக்கும். உடைமை எவருடையதாயினும், அதனை வாழ்விப்பது ஊராரின் உள்ளமே.