பனிக்கடியில் எதிரொலி

பூமியின் பழங்காலத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் பாறையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள். வட துருவக் கடலில் நெடுங்காலம் அதற்கு வழியிருக்கவில்லை. அங்கே பாறையைத் தொடாமல் ஒலியால் படிக்க முயன்றவர்களைப் பற்றியே நாம் இங்கு பேசுகிறோம்.

முறை எளியது. கப்பலின் பின்னால் நீருக்குள் அழுத்தக் காற்றை வெடிப்பாக வெளியேற்றுவார்கள். கடலடி மண்ணின் அடுக்குகளில் மோதித் திரும்பும் ஒலியை, ஒலிவாங்கிகள் கோத்த நீண்ட குழாய் ஒன்று பதிவு செய்யும். திறந்த கடலில் அது பல கிலோமீட்டர் நீளும். பனிக்கடலிலோ கப்பல் கிழித்த பாதை உடனே மூடிக்கொள்ளும், குழாய் அறுந்துபோகும்.

1952இல் ஜோசப் ஃப்ளெட்சர் டி-3 என்னும் மிதக்கும் பனித்தீவில் இறங்கி முகாமிட்டார். பின்னர் அதன் மேலிருந்தே அதிர்வுப் பதிவுகள் எடுத்தனர். ஆனால் எங்கே அளப்பது என்பதை முடிவு செய்தது ஆய்வாளரல்ல, காற்றும் நீரோட்டமும்தான்.

1991 செப்டம்பர் 7 அன்று ஜெர்மனியின் போலார்ஸ்டெர்னும் ஸ்வீடனின் ஓடனும் துருவத்தை அடைந்தன. அணுசக்தியில் இயங்காத மேற்பரப்புக் கப்பல்கள் அங்கு சென்றது அதுவே முதல்முறை. நமக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அப்பயணத்தில் லொமொனோசோவ் முகட்டின் குறுக்கே எடுத்த அதிர்வுக் கோடுகள். எடுத்ததைவிட அவற்றைத் துலக்கியது கடினமான வேலை. பனி நொறுங்கும் இரைச்சலை வடிகட்ட வேண்டும். கப்பல் பனியில் சிக்கி நின்றபோது ஒரே இடத்தில் குவிந்த பதிவுகளை இடம் பார்த்து மீண்டும் அடுக்க வேண்டும். குழாய் குறுகியது என்பதால் மண்ணுக்குள் ஒலி சென்ற வேகத்தை அதைக்கொண்டே கணிப்பதும் அரிது. வேகம் தெரியாமல் நேரத்தை ஆழமாக்குவது எப்படி? இப்படிப்பட்ட பயணங்களில் தனியே மிதக்கவிட்ட ஒலிவாங்கிகளே கைகொடுக்கும்.

வில்ஃப்ரீட் யோகாட் குழுவினர் 1992இல் வெளியிட்ட படத்தில், வெட்டுண்டு சாய்ந்த அடுக்குகளின் மேல் சுமார் 450 மீட்டர் வண்டல் கிடையாகப் படிந்திருந்தது. 2004இல் அதை நம்பியே துளைக்கப் போனார்கள். துளையிடும் கப்பலை நோக்கி வந்த பனியை இரு பனியுடைப்பான்கள் உடைத்துக்கொண்டே நின்றன. 428 மீட்டர் வரை இறங்கினார்கள். 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அக்கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 23 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருந்தது தெரிந்தது. சுமார் 4.9 கோடி ஆண்டுப் பழமையான அடுக்கில் அசோலா கிடைத்தது; நம் நெல்வயல்களில் உரத்துக்காக வளர்க்கும் அசோலாவின் அதே பேரினம்தான்.

இன்னொன்றும் கிடைத்தது. 4.44 கோடி முதல் 1.82 கோடி ஆண்டுகள் வரையிலான வண்டலே இல்லை என்று துளையிட்டோர் அறிவித்தனர். இரண்டு கோடியே அறுபது லட்சம் ஆண்டுகள் காணாமற்போன அந்த இடம் எதிரொலிப் படத்தில் முன்கூட்டித் தெரிந்திருக்கவில்லை. எதிரொலி அடுக்கைக் காட்டும், வயதைச் சொல்லாது. பின்னர் 2011இல் அதே மண்ணின் ஆஸ்மியத்தைக் கொண்டு வயது கணித்தவர்கள், அப்படியொரு பெரிய இடைவெளியே இல்லை என்றார்கள்.