கண்ணாடியில் அங்கோர், கோவில் கூரையில் பத்து காஜா

1906-ல் கம்போடிய மன்னர் சிசோவத் தம் அரண்மனை நடனப் பெண்களோடு பிரான்சுக்குப் போனார். பாரிசில் அவர்களைக் கண்ட சிற்பி ரோடின், மார்சேய் வரை பின்னாலேயே போய் சுமார் 150 படங்கள் வரைந்து தள்ளினார். பென்சிலில் விறுவிறுவென ஒரு கோடு, மேலே நீர்வண்ணம். கம்போடியாவின் கெமர் நடனத்தின் நிறம் வெளியுலகத்துக்குப் போன வழிகளில் இதுவும் ஒன்று.

அடுத்த ஆண்டே லூமியேர் சகோதரர்களின் ஆட்டோகுரோம் என்னும் வண்ணப் புகைப்படத் தகடு கடைக்கு வந்தது. உருளைக்கிழங்கு மாவின் நுண்மணிகளை ஆரஞ்சு, பச்சை, ஊதா என மூன்று சாயத்தில் தோய்த்துக் கலந்து, கண்ணாடித் தகட்டில் ஒட்ட வைப்பார்கள். ஒரு சதுர அங்குலத்தில் சுமார் 40 லட்சம் மணிகள். இடுக்குகளைக் கரித்தூளால் அடைத்து, அதன் மேல் ஒளியுணர் பூச்சு. தகட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நிறம் எழும்.

வங்கியாளர் ஆல்பர்ட் கான் உலகத்தையே இந்தத் தகடுகளில் சேர்த்துவைக்க ஆசைப்பட்டு, 1909 முதல் 1931 வரை சுமார் 72,000 படங்கள் எடுக்க வைத்தார். அவருக்காக இந்தோசீனாவில் படமெடுத்தவர், ராணுவ அதிகாரி லியோன் புஸி. அங்கோர் கோவில்களும் அரண்மனை நடனப் பெண்களும் அவருடைய தகடுகளில் பதிவானார்கள். படம் பதியச் சில விநாடியாவது அசையாமல் நிற்க வேண்டும். நிலைக்கு நிலை நிதானமாக நகரும் ஆட்டம் கெமருடையது; இந்தக் கருவிக்கு அது வாகாக அமைந்துவிட்டது. தீமிதியோ காவடியாட்டமோ என்றால் வெறும் கலங்கல்தான் மிஞ்சியிருக்கும்.

அதே ஆண்டுகளில் பேராக் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழர்களுக்கு வாய்த்த வண்ணம் வேறு. கறுப்பு வெள்ளைப் படத்தின் மீது நிறம் ஏற்றிய அஞ்சலட்டைகள் மலாயாவில் விற்றன. இத்தகைய அட்டைகள் பல ஜெர்மானிய அச்சகங்களில் உருவானவை. பெண்ணின் சேலை சிவப்பா பச்சையா என்று முடிவு செய்தவர் அந்தச் சேலையைக் கண்ணால் பார்த்தவரில்லை. அந்த நிறங்களை நம்பி நம் பாட்டிமாரின் உடையைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது.

நம்பத்தக்க வண்ணத்துக்கு அதே பேராக்கில் உள்ள பத்து காஜாவுக்குப் போக வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் 1915 முதல் இங்கே தம் மாளிகையை விரிவாக்கிக் கட்டினார். வேலையாட்கள் பலர் கொள்ளைநோயில் மடிந்தபோது, மற்றவர்கள் மாரியம்மனுக்குக் கோவில் வேண்டும் என்று கேட்டார்கள். துரை கட்டிக்கொடுத்தார் என்பது ஊர்க்கதை. கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக அவருடைய சுதைச்சிலையும் நிற்கிறது. 1926-ல் லிஸ்பனில் இறந்த துரையைத் தமிழர்கள் இப்படித் தம் நிறங்களுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். அங்கோர் தகடுகளுக்கு ஈடாக நான் வைப்பது இதைத்தான்.

ஆனால் சுதைக்கு ஒரு குறை உண்டு. குடமுழுக்குக்குக் குடமுழுக்கு புதுப் பூச்சு ஏறும், முந்தைய நிறம் அடியில் போய்விடும். கானின் தகடுகள் பாரிசுக்கு அருகே அருங்காட்சியகத்தில் பாதுகாப்பாக இருக்கின்றன. இங்கேயோ பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. கோவில் மிஞ்சிய இடங்களிலாவது, சாரம் கட்டிப் பழைய பூச்சைச் சுரண்டுவதற்கு முன், ஒவ்வொரு சிலையையும் நல்ல வெயிலில் படமெடுத்து வைப்பது கோவில் நிர்வாகங்களின் கையில் இருக்கிறது.