கிராம அதிகாரிகளின் நியமனமும் ஊதியமும் (சேலம், நாமக்கல் சமவெளி)

முற்காலத்தில் காவல், வரித்தண்டல் வேலைகளை, ஜேடர்பாளையம் போன்ற காவிரிக்கரை ஊர்களில் ஊர்த் தலைவரான மணியக்காரரும், நிலக்கணக்கு எழுதிய கர்ணம் என்னும் கணக்குப்பிள்ளையும், அவர்களுக்குக் கீழே தலையாரி, வெட்டியான் ஆகியோரும் பார்த்துவந்தனர். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து இப்பகுதி கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு மாறி, அலெக்சாண்டர் ரீடின் நிர்வாகத்தில் உழவரிடமே நேராக வரி வாங்கும் முறை உருவானபோது, இவர்கள் இல்லாமல் வரித்தண்டல் நடவாது என்ற நிலை ஏற்பட்டது.

1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி ஊர்த் தலைவருக்குச் சிறு அடிதடி, வசை வழக்குகளை விசாரித்து, குற்றவாளியைச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்துவைக்க அதிகாரம் அளித்தது. தாழ்ந்த சாதியினர் எனக் கருதப்பட்டோரை மட்டும் 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டவும் அதே விதி இடங்கொடுத்தது என்பது அந்த அதிகாரம் யார்மீது எப்படிப் பாய்ந்தது என்பதைக் காட்டும்.

கிராம அதிகாரிகளின் ஊதியம் தொடக்கத்தில் பணமாக இல்லை. வரி நீக்கப்பட்ட மானிய நிலமும், களத்தில் நெல்லை அளக்கும்போதே உழவர் ஒதுக்கித்தந்த மேரை என்னும் தானியப் பங்குமே அவர்களுக்கு உரியவை. நிலம் பதவியோடு ஒட்டியிருந்ததால், தகப்பனுக்குப் பின் மகனுக்கு நிலம் போனபோது பதவியும் கூடவே போயிற்று. இவ்வுரிமை வழக்குகளை 1831ஆம் ஆண்டின் 6ஆம் ஒழுங்குவிதி உரிமையியல் நீதிமன்றங்களிடமிருந்து எடுத்துக் கலெக்டரிடம் ஒப்படைத்தது. 1858இல் அமைந்த இனாம் கமிஷன் மானிய நிலங்களை ஆராய்ந்து, பலவற்றைக் குறைந்த தீர்வைக்கு அனுபவதாரருக்கே சொந்தமாக்கியது. 1864ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டிய கிராம வரியிலிருந்து ரொக்கச் சம்பளமும் வழக்கத்துக்கு வந்தது. நிலம் பிரிந்த பிறகும் வாரிசுமுறை மட்டும் அசையவில்லை. மாறாக, 1895ஆம் ஆண்டுப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் அதற்கு முழு வடிவமே தந்தது: வாரிசு சிறுவனாயிருந்தால் அவன் பெயரைப் பதிவுசெய்துகொண்டு, அவன் வயதுக்கு வரும்வரை வேலையைப் பார்க்க வேறொருவரை அமர்த்தினர்.

குண்டூர் மாவட்டத்துக் கிராம முன்சீப் (ஊர்த் தலைவர்) பதவி ஒன்றைப் பற்றிய வழக்கில், இச்சட்டத்தின் வாரிசுப் பிரிவு, வம்சாவளி அடிப்படையில் அரசுப் பணியில் வேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் அரசியல் சட்டப் பிரிவு 16க்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 1960 டிசம்பரில் தீர்ப்பளித்தது. எனினும் தமிழ்நாட்டில் பதவியில் இருந்த பழைய அதிகாரிகள் நெடுநாள் தொடர்ந்தனர். எம்.ஜி.ஆர். அரசு 1980 நவம்பரில் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அதிகாரி பதவிகளை ஒழித்ததும், அடுத்த ஆண்டு அது சட்டமானதும், 1982இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்ததும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. அதுமுதல் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வில் வென்றவரே முழுநேரச் சம்பளத்தில் கிராம நிர்வாக அலுவலர் ஆகிறார். தலையாரி, வெட்டியான் ஆகியோரின் பணியைத் தொடரும் கிராம உதவியாளருக்கோ இத்தேர்வு இல்லை. அவரை நியமிப்பவர் வட்டாட்சியர்.