தகரக் கூரையும் தையல் மிஷினும்

போன மாதம் அப்பா ஊரிலிருந்து போன் செய்தார். "வரேன்டா. ஆனா மிஷினையும் கொண்டு வருவேன்" என்றார்.

அப்பா தையல்காரர். வயது எழுபத்தெட்டு. மன்னார்குடிப் பக்கம் சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். கடையை மூடி ஐந்து வருடம் ஆகிறது, மிஷினை மட்டும் மூடவில்லை. அம்மா போன பிறகு தனியாக இருக்கிறார். எங்களோடு வந்து இருங்கள் என்று கெஞ்சிக் கெஞ்சி இப்போதுதான் சம்மதித்திருக்கிறார். ஒரே நிபந்தனை, மிஷின்.

எங்கள் வாடகை வீட்டில் இரண்டே அறைகள். மிஷின் போட இடம் என்றால் கார் நிற்கும் தகர ஷெட்தான். "காரை வெளியே விடுங்க, அது ஒண்ணும் அழாது" என்று தங்கமணி தீர்ப்புச் சொல்லிவிட்டார். மத்தியானம் ஒரு மணிக்கு ஷெட்டுக்குள் ஐந்து நிமிடம் நின்று பார்த்தேன். தலையில் இஸ்திரிப் பெட்டியை வைத்த மாதிரி இருந்தது. இதில் எப்படி ஒரு பெரியவரை உட்கார வைப்பது?

கேம்பல் பே எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: கிரேட் நிகோபார் தீவின் கிழக்குக் கரையில். கன்னியாகுமரியைவிடத் தெற்கே, நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 7 டிகிரி வடக்கே. ஏப்ரல் 8 வாக்கிலும் செப்டம்பர் 5 வாக்கிலும் உச்சி வேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். நிழல் காலடியில் ஒளிந்துகொள்ளும். அதாவது இங்கே மத்தியான வெயில் சுவரில் அடிப்பதைவிடக் கூரையில் அடிப்பதுதான் அதிகம். அந்தக் கூரையோ தகரம்.

நான் வங்கிக்காரன். கடன் கேட்டு வருபவரின் பூர்வீகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். தகரத்தின் பூர்வீகத்தையும் அப்படித்தான் தேடிப் பார்த்தேன்.

1829-ல் லண்டன் துறைமுகத்தில் பொறியாளராக இருந்த ஹென்றி ராபின்சன் பால்மர் என்பவர் இரும்புத் தகட்டை அலை அலையாக மடித்துக் காப்புரிமை வாங்கினார். மெல்லிய தகடுதான், ஆனால் மடிப்புகளால் அதற்குப் பலம் வந்துவிட்டது. 1837-ல் பிரான்சில் சோரெல் என்பவர் துத்தநாகம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். துருவுக்கும் ஒரு பதில் கிடைத்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், கப்பலில் எங்கும் அனுப்பலாம். கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தங்கம் தேடிக் கூட்டம் ஓடியபோது தகர வீடுகளும் கப்பலேறின. கவனியுங்கள், இது முதலில் குளிர் ஊரில், துறைமுகச் சரக்குக்குக் கூரையாகப் பிறந்தது. மனிதர்கள் பிறகுதான் அதன் அடியில் குடியேறினார்கள்.

எங்கள் தீவுக்கு இது மொத்தமாக வந்தது ஒரு பெரிய துக்கத்துக்குப் பிறகு.

1969 முதல் பஞ்சாப், மகாராஷ்டிரா, கேரளா, தமிழ்நாடு என்று பல மாநிலங்களிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட முன்னாள் ராணுவ வீரர்களின் குடும்பங்கள் இங்கே குடியேற்றப்பட்டன. எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவும் அப்படிக் கணவரோடு வந்தவர்தான். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. தீவின் தென்முனையான இந்திரா முனையில் நிலமே 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்து, கலங்கரை விளக்கின் அடிப்பகுதி தண்ணீருக்குள் போய்விட்டது. பிழைத்தவர்களுக்கு 2005 மழைக்காலத்துக்கு முன் கூரை வேண்டும். நிலப்பரப்பிலிருந்து கப்பலில் தகரம் வந்தது. அந்த அவசரத்துக்கு வேறு வழி இருந்திருக்காது, மழைக்கும் அது தாங்கியது. ஆனால் தற்காலிகம் என்றது வருடக்கணக்கில் நீண்டது.

அந்த அம்மாவிடம் ஷெட்டைப் பற்றிப் பேசியபோது அவர் சொன்னது இது.

"மத்தியானம் உள்ள இருக்க முடியாது தம்பி. புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மரத்தடிக்குப் போயிருவோம். என் மாமியாரால நடக்க முடியாது. அவங்க மட்டும் உள்ளயே கிடப்பாங்க. ஈரத்துணியைப் போட்டுப் போட்டு எடுப்பேன். அப்புறம் எங்க வீட்டுக்காரர் தகரத்து மேல தென்னங்கீற்றைப் போட்டுக் கட்டினாரு. அன்னிக்குத்தான் அவங்க மத்தியானத்துல தூங்கினாங்க."

நான் பதில் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்பாவின் முகம்தான் கண்முன் வந்தது.

அவர்கள் கண்டுபிடித்த சூத்திரம் நிகோபாரிகளுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். அவர்களுடைய பழைய வீடுகள் தூண்களின் மேல் நிற்பவை. தடித்த புல் அல்லது ஓலைக் கூரை, கீழிருந்து காற்று நுழையும் இடைவெளி விட்ட தரை, வீட்டுக்கு அடியிலேயே உட்கார நிழல். சுனாமிக்குப் பிறகு மேற்குக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து ராஜீவ் நகரிலும் நியூ சிங்கெனிலும் தங்கவைக்கப்பட்டவர்களுக்கு, அந்த வீட்டிலிருந்து தகரத்துக்கு வந்தது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, என் ஷெட்டுக்கு வருவோம். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்.

முதல் யோசனை, ஈரச்சாக்கு கட்டுவது. வட இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் கோடையில் வெட்டிவேர்த் தட்டிகளை நனைத்து வாசலில் தொங்கவிட்டார்கள். அது வறண்ட காற்றில் வேலை செய்யும். ஈரம் நிறைந்த கடலோரக் காற்று மேலும் ஈரத்தை எங்கே வாங்கும்? ஏர் கூலர் இங்கே பெரிதாக உதவாததற்கும் காரணம் இதுதான்.

வெள்ளைக்காரர்கள் வேறு வழி தேடினார்கள். 1833-ல் ஃபிரெடெரிக் டியூடரின் கப்பல் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு ஐஸ் கொண்டு வந்தது. நான்கு மாதப் பயணம், அதுவும் வெப்ப மண்டலக் கடல் வழியாக! பாதிக்கு மேல் கரையாமல் வந்து சேர்ந்தது. 1842-ல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டப்பட்டது. இன்று அதுதான் விவேகானந்தர் இல்லம். அந்த ஐஸைக் காப்பாற்றியது எந்த இயந்திரமும் இல்லை, மரத்தூள் போன்ற எளிய தடுப்புகள்தான். குளிரை உண்டாக்குவதைவிட வெப்பத்தை உள்ளே விடாமல் இருப்பது மலிவு. எங்கள் பாஷையில், முதலில் வரவை அடை, பிறகு செலவைப் பார் :-)

இரண்டாவது யோசனை, ஏ.சி. கொதிக்கிற தகரத்துக்கு அடியில் ஏ.சி. போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது. டீசல் ஜெனரேட்டரை நம்பி இருக்கும் ஊரில் அது இன்னும் வம்பு.

மூன்றாவது, கீற்று. எனக்கும் ஆசைதான். ஆனால் பக்கத்திலேயே பெட்ரோல் வண்டி, பலத்த காற்று, இரண்டு பருவத்திலும் கொட்டும் மழை. மனமில்லாமல் விட்டுவிட்டேன்.

கடைசியில் கீற்று செய்த வேலையை மூன்றாகப் பிரித்துக்கொண்டேன். ஒன்று, தகரத்தின் மேல் வெள்ளைப் பெயின்ட். துத்தநாகத் தகரம் பளபளப்பாக இருந்தாலும் வாங்கிய சூட்டைச் சுலபத்தில் வெளியே விடாது. வெள்ளைப் பூச்சு வெயிலையும் திருப்பி அனுப்பும், சூட்டையும் கக்கும். மொட்டை மாடியில் சுண்ணாம்பு அடித்தவர்கள் செய்தது இதைத்தான். 2023-ல் தெலுங்கானா அரசு குளிர்க்கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. சுண்ணாம்பு இங்கே மழையில் கரைந்துவிடும் என்பதால் கூரைக்கான பெயின்டாகவே வாங்கினேன். இரண்டு, தகரத்துக்கு அரை அடி கீழே பிளைவுட் தட்டி. மூன்று, அந்த இடைவெளியின் இரு பக்கச் சுவரிலும் முகட்டை ஒட்டி வலை போட்ட திறப்பு. சூடான காற்று தானாக வெளியேறிவிடும். வீட்டுக்காரரிடம் முதலிலேயே அனுமதி வாங்கிவிட்டேன். செலவு ஏ.சி.யைவிடக் குறைவு, கரண்ட் பில் பூஜ்யம்.

துபாயிலும் டல்லாஸிலும் கராஜ் வைத்திருக்கும் நண்பர்களே, உங்கள் ஊரில் மேற்குப் பார்த்த இரும்புக் கதவும் ஒரு எதிரியாக இருக்கலாம். எந்தப் பக்கம் வெயில் வாங்குகிறது என்று ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டு அப்புறம் காசை எடுங்கள்.

வேலை முடிந்த மறுநாள், மத்தியானம் ஒரு மணிக்கு, பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். உள்ளே வந்து, கையை மேலே தூக்கிக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சூடு இல்லாம இல்ல தம்பி. ஆனா உக்காரலாம். அப்பாவை வரச் சொல்லுங்க."

அன்று இரவே அப்பாவுக்குப் போன் செய்தேன். "மிஷினுக்கு எண்ணெய் போட்டு வைங்கப்பா. இடம் ரெடி" என்றேன்.

"காரை எங்கடா விடுவே?" என்றார்.

"வெளியிலதான். அதுக்கு ஒரு உறை தைச்சுக் குடுங்க."

ரொம்ப நாள் கழித்து அப்பா சிரித்தார்.