மரை கழன்ற இடம்

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பைக்குக்கு நானே ஸ்பார்க் பிளக் மாற்றினேன். இறுக்கினேன், சந்தேகத்துக்கு இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். திடீரென்று ஸ்பேனர் லேசாகச் சுற்றியது. பிளக்கைக் கழற்றினால், ஹெட்டில் இருந்த அலுமினிய மரை பிசிறு பிசிறாக அதோடு வந்தது. புது ஹெட் வாங்க அந்த மாதச் சம்பளத்தில் வழியில்லை.

பட்டறைக்காரர், "ஹெட்டை எதுக்கு சார் மாத்தணும்? காயில் போட்டுரலாம்" என்றார். ஹெட்டைக் கழற்றி, ஓட்டையைப் பெரிதாக்கி, புதிதாக டேப் அடித்து, ஸ்பிரிங் மாதிரி ஒரு கம்பிச்சுருளை உள்ளே திருகினார். "இனிமே பழசை விட ஸ்ட்ராங்கு." ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, பேரம் பேசி ஐம்பது ரூபாய் குறைத்தேன்.

பிறகுதான் அந்தச் சுருளின் கதையைத் தேடிப் படித்தேன். அது விமானத்திலிருந்து வந்தது. 1903இல் ரைட் சகோதரர்களின் எஞ்சினிலேயே கிராங்க்கேஸ் அலுமினிய வார்ப்புதான். இரும்பின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பறக்க அதுதான் தோது. ஆனால் அலுமினியம் மெத்து. எஃகு பிளக்கை அடிக்கடி கழற்றி மாட்டினால் மரை தேயும். சூட்டிலும் அது எஃகைவிடச் சுமார் இரண்டு மடங்கு விரியும். வெண்கல புஷ் போடலாம். அதற்குச் சுற்றிலும் நிறைய இடம் வேண்டும்.

1930களில் அமெரிக்காவில் ஹெலிகாயில் உருவானது. தயாரித்த நியூயார்க் நிறுவனத்தின் பெயரே 'ஏர்கிராஃப்ட் ஸ்க்ரூ ப்ராடக்ட்ஸ்'. சாய்சதுர வெட்டுமுகம் கொண்ட துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. வெளிவிளிம்பு அலுமினியத்தில் பதியும், உள்விளிம்பு போல்ட்டுக்கு மரையாகும். சாதாரண மரையில் முதல் சில சுற்றுகளே பெரும்பாரத்தைத் தாங்கும். சுருளோ வளைந்துகொடுத்து, பாரத்தை எல்லாச் சுற்றுக்கும் பங்கிடும். கடினமான எஃகு என்பதால் எத்தனை முறை கழற்றினாலும் எளிதில் தேயாது.

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் கிராங்க்கேஸ் மக்னீசியக் கலவை. சூட்டில் ஹெட் ஸ்டட்கள் மரையைப் பிடுங்கிக்கொண்டு வந்தன. பட்டறைகளில் ஓட்டைக்குள் எஃகு மரை வைத்துச் சரிசெய்தார்கள். கடைசியில் தொழிற்சாலையே புது எஞ்சின்களில் எஃகு மரை வைத்து அனுப்பியது. இன்று விமானப் பாகங்களில், எதுவும் பழுதாகும் முன்பே, புது ஓட்டையிலேயே சுருளை வைக்கிறார்கள்.

பட்டறைக்காரர் சொன்னது ஆறுதல் இல்லை, கணக்கு. அந்த ஐம்பது ரூபாயை அவருக்குக் கொடுத்திருக்கலாம். பைக் இன்னும் ஓடுகிறது. பிளக்கை இப்போதெல்லாம் முதலில் விரலால்தான் திருகுகிறேன்.