இலவசக் கல்வியும் இல்லத்துக் கணக்கும்: பல்கலைக்கழகம் புகும் மாணவரின் செலவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் உயர்கல்வி வரலாறு பெரும்பாலும் சட்டங்களினதும் ஆணைக்குழுக்களினதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம், 1945இல் இலவசக் கல்வி, 1978இல் பல்கலைக்கழகங்கள் சட்டம் என அவ்வரலாறு வரிசைப்படுத்தப்படுகின்றது. ஆயின் இதே காலத்தில் நாட்டின் பல்லாயிரம் வீடுகளில் வேறொரு கணக்கும் எழுதப்பட்டு வந்தது. அனுமதிக் கடிதம் கிடைத்ததும் பெட்டிக்கும் படுக்கைக்கும் எவ்வளவு, பயணத்துக்கு எவ்வளவு, மாதந்தோறும் அனுப்ப எவ்வளவு, அதனை அனுப்புபவர் யார் என்னும் கணக்கே அது. இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. கற்பித்தற் கட்டணம் மாணவரின் செலவில் ஒரு கூறு மாத்திரமே. வீட்டைவிட்டு வேறோர் ஊரில் வாழ்வதற்கான செலவே அவர் கற்பாரா, இடையில் நிற்பாரா என்பதை எக்காலத்திலும் தீர்மானித்து வந்துள்ளது. இக்கட்டுரை அவ்வுண்மையை விளக்க முற்படுகின்றது.

பல்கலைக்கழகத்துக்கு முந்திய காலம்

வாழ்க்கைச் செலவே முதற்பிரச்சினை என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிசனரிமார் நன்கு அறிந்திருந்தனர். 1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியில் தொடக்ககால மாணவருக்குக் கல்வியோடு உணவும் உறையுளும் வழங்கப்பட்டன. மிசன் பாடசாலைகளில் தங்கிப் பயின்ற பிள்ளை ஒன்றின் செலவை அமெரிக்காவிலுள்ள கொடையாளர் ஒருவர் ஏற்பதும், அப்பிள்ளைக்குக் கொடையாளர் விரும்பிய பெயர் சூட்டப்படுவதும் வழக்கமாயிருந்தன. ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை முதலான பெயர்கள் அவ்வழக்கத்தை நினைவூட்டுவன. உணவுக்கும் உடைக்கும் ஈடாகப் பெயரையும், பல வேளைகளில் சமயத்தையும் மாற்றிக்கொள்ள நேர்ந்தமை அன்றைய கல்வியின் விலை எத்தகையது என்பதைக் காட்டுகின்றது.

1855இல் செமினரி மூடப்பட்டது. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வெளிவந்தோர் அச்செமினரியின் பழைய மாணவர்களான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் என்பது யாவரும் அறிந்ததே. அவ்வளவாகக் கவனிக்கப்படாத செய்தி யாதெனில், தாமோதரம்பிள்ளை சென்னைக்குச் சென்றது உத்தியோகம் பார்க்கவே என்பதாகும். பத்திரிகைப் பணியும் ஆசிரியப் பணியும் அவரை அந்நகரில் வாழவைத்தன. பட்டம் அவ்வாழ்வின் ஊடாகக் கிட்டியது. பெற்றோரின் பொருளால் மாத்திரம் கடல்கடந்து கற்பது மிகச் சிலருக்கே இயலக்கூடியதாயிருந்தது. இங்கிலாந்து செல்வதற்கு அரசாங்கப் புலமைப்பரிசில் இருந்தது. 1870இல் அதனைப் பெற்றே பொன்னம்பலம் அருணாசலம் கேம்பிரிட்ஜ் சென்றார். வசதி படைத்த குடும்பத்தில் பிறந்த அவரே பின்னர், 1906இல் உருவான இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தின் முன்னோடிகளுள் ஒருவராகி, இந்நாட்டிலேயே பல்கலைக்கழகம் அமையவேண்டுமென வாதாடினார்.

கொழும்பும் கூட்டு வாழ்க்கையும்

1921இல் கொழும்பு தேர்ஸ்டன் வீதியில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. அது தானாகப் பட்டம் வழங்கவில்லை. இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்தது. கட்டணம் அறவிடப்பட்டது. தலைநகரிலும் அதன் அயலிலும் வாழ்ந்தோர் வீட்டிலிருந்தே வந்து போயினர். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, காலி, மாத்தறை முதலிய இடங்களிலிருந்து வந்தோருக்கு ஒருசில விடுதிகளே இருந்தன. எஞ்சியோர் உறவினர் வீடுகளையும் வாடகை அறைகளையும் நாடினர்.

இவ்விடத்தில் யாழ்ப்பாணக் குடும்பங்களின் திட்டமிடல் முறை நோக்கத்தக்கது. 1905இல் புகையிரதப் பாதை காங்கேசன்துறையையும் கொழும்பையும் முழுமையாக இணைத்த பின்னர், வடபகுதி இளைஞர் பலர் எழுதுவினைஞராகத் தலைநகருக்குச் சென்றனர். அவர்கள் பலராகச் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, சமையற்காரர் ஒருவரை வைத்து, மாத முடிவில் செலவைப் பங்கிட்டு வாழ்ந்த வீடுகள் ‘சமறி’ எனப்பட்டன. உத்தியோகம் பார்த்த மூத்த சகோதரனின் அல்லது மாமனின் நிழலில் இளையவன் தங்கிக் கற்றான். மலாயாவில் உழைத்தோர் அனுப்பிய காசும், புகையிலைத் தோட்டத்து வருமானமும், சீட்டுப் பணமும் அவனது செலவுக்கு உதவின. இவை போதாதவிடத்துக் காணி ஈடு வைக்கப்பட்டது. தாயின் நகை அடகுக்குப் போனது. சகோதரியின் சீதனத்துக்கென ஒதுக்கியதை எடுத்துப் படிப்பிப்பதும், படித்தவன் உழைத்துச் சகோதரியைக் கரைசேர்ப்பதும் குடும்பத்தின் எழுதாத உடன்படிக்கையாயின. மாணவரின் வரவு செலவு என்று இன்று கூறப்படுவது அன்று தனிமனிதனின் கணக்காக இருக்கவில்லை. இரண்டு தலைமுறைகளையும் பல உடன்பிறப்புகளையும் பிணைத்த குடும்பக் கணக்காகவே அது இருந்தது. இத்தகைய நிலமும் நகையும் உத்தியோக உறவும் அற்ற குடும்பங்கள் அக்கணக்கைத் தொடங்கவே இயலவில்லை.

கட்டணம் நீங்கியது, செலவு நீங்கவில்லை

1942 யூலை 1ஆந் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஐவர் ஜெனிங்ஸ் அதன் முதலாவது துணைவேந்தரானார். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமை தாங்கிய கல்வி விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. அதன் விளைவாக 1945 ஒக்டோபர் 1ஆந் திகதி முதல், பாலர் வகுப்புத் தொடக்கம் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாக்கப்பட்டது. இந்நாட்டின் சமூக வரலாற்றில் இதற்கு ஈடான சீர்திருத்தங்கள் மிகச் சிலவே. எனினும் இதன் எல்லையையும் நாம் உணரவேண்டும். இலவசமாக்கப்பட்டது கற்பித்தல். உணவு, உறையுள், நூல், பயணம் என்பன அதனுள் அடங்கவில்லை. கட்டணம் செலுத்த வல்லவனுக்கும் மாட்டாதவனுக்கும் கட்டண விலக்கு ஒரேயளவு நன்மையையே தந்தது. கொழும்பு செல்லப் பயணச்செலவு இல்லாதவனுக்கு அவ்விலக்கு மாத்திரம் வழிகாட்டவில்லை.

இக்குறையைப் பேராதனை ஒருவகையில் நிறைவு செய்தது, வேறொருவகையில் மிகுவித்தது. பல்கலைக்கழகம் எங்கு அமையவேண்டும் என்ற சர்ச்சை 1920களிலிருந்து நீடித்தது. கொழும்பில் அமைந்தால் அந்நகரத்தார் வீட்டிலிருந்தே கற்கலாம், செலவு குறையும் என்பது ஒரு கட்சி. வெளியூர் மாணவர் நகரத்து வாடகை அறைகளில் சிதறி வாழ்வது கல்வியாகாது, அனைவரும் ஒருங்கே உறையும் பல்கலைக்கழகமே வேண்டும் என்பது மறுகட்சி. இறுதியில் உறைவிடப் பல்கலைக்கழகக் கொள்கையே வென்றது. 1952இல் கலைப்பீடம் பேராதனைக்குப் பெயர்ந்தது. 1954 ஏப்ரில் 20ஆந் திகதி வளாகம் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. மகாவலிக் கரையில் எழுந்த விடுதிகளில் அறையும் உணவும் ஒருங்கே கிடைத்தன. ஆனால் விடுதிக்குக் கட்டணம் உண்டு. வறிய மாணவருக்கு உதவிப்பணம் வழங்கப்பட்டதாயினும், கற்பித்தல் இலவசமான ஒரு பல்கலைக்கழகத்தில் வாழ்தல் இலவசமாயிருக்கவில்லை.

ஆயினும் விடுதி முறையின் நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. செலவு முன்கூட்டியே தெரிந்திருந்தமையால் குடும்பம் திட்டமிட முடிந்தது. 1956இல் ஓடத்தொடங்கிய யாழ்தேவியில் ஏறி, பொல்காவலையில் வண்டி மாறிப் பேராதனையை அடையும் மாணவருக்கு, அங்கு ஒரு கட்டிலும் மேசையும் நிச்சயமாக இருந்தன. பெண்களைப் பொறுத்தவரை இது மேலும் முக்கியமானது. அறியாத ஊரில் அறியாதார் வீட்டு அறைக்கு மகளை அனுப்பத் தயங்கிய பெற்றோர், பொறுப்பாளர் கண்காணிப்பிலுள்ள விடுதிக்கு அனுப்ப இசைந்தனர். விடுதிக் கட்டில் என்பது பெண்களுக்கு வசதி மாத்திரமன்று; பல்கலைக்கழக வாயிலின் திறவுகோலும் அதுவே எனலாம்.

மலையகத்தின் நிலை இவ்விடத்தில் தனித்து நோக்கத்தக்கது. பேராதனையிலிருந்து பார்த்தால் தெரியும் மலைகளிலேயே தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. ஆயினும் 1945இன் இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பாடசாலைகளை நெடுங்காலமாக எட்டவில்லை. அவற்றை அரசு பொறுப்பேற்றது 1970களிலேயே பெருமளவில் இடம்பெற்றது. யாழ்ப்பாணத்து மாணவருக்கு இருநூறு மைலாக இருந்த தூரம் தோட்டத்து மாணவருக்குச் சில மைல்களே. ஆனால் ஈடு வைக்கக் காணியில்லாத, நாட்கூலியில் வாழ்ந்த குடும்பத்துக்கு அச்சில மைல்களே கடத்தற்கரிய தூரமாயின. தூரம் மைலால் மாத்திரம் அளக்கப்படுவதன்று என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பெருக்கமும் பரவலும்

1960இல் கலைப்பீடத்திற்குச் சுயமொழி மூலம் கற்ற மாணவர் அனுமதிக்கப்பட்டனர். கிராமத்துப் பாடசாலைகளின் பிள்ளைகள் பெருந்தொகையினராக உள்நுழைந்தனர். ஒருவருக்கென அமைந்த அறையில் இருவரும் அதற்கு மேற்பட்டோரும் தங்கினர். விடுதியில் இடமில்லாதோர் அயலூர் வீடுகளில் வாடகைக்கு இருந்தனர். 1974இல் நடைமுறைக்கு வந்த மாவட்ட ஒதுக்கீடு பின்தங்கிய மாவட்டங்களின் மாணவரையும் கொணர்ந்தது. தரப்படுத்தலின் நீதி அநீதி பற்றிய விவாதம் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. செலவைத் தாங்கும் வலு குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் கூடிய எண்ணிக்கையில் வரத்தொடங்கினர் என்பது மாத்திரம் இங்கு கருதத்தக்கது.

இதற்கு அரசு இருவழிகளில் விடைகாண முயன்றது. முதலாவது, பல்கலைக்கழகத்தை வீட்டுக்கு அருகே கொண்டுசெல்லல். 1974 ஒக்டோபரில் திருநெல்வேலியில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி அமைந்திருந்த இடத்தில், யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. 1981இல் மட்டக்களப்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. இரண்டாவது, மாணவரின் கையில் பணத்தைக் கொடுத்தல். 1981ஆம் ஆண்டின் 66ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட மகாபொல புலமைப்பரிசில் நிதியம் அதற்கென உருவானது. அன்றைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் எழுந்த இத்திட்டத்துக்குப் பொருட்காட்சிகளும் பின்னர் அதிர்ஷ்டலாபச் சீட்டும் நிதி திரட்டித் தந்தன.

தமிழ் மாணவரைப் பொறுத்தவரை, இவ்விரு வழிகளின் பயனையும் போர் குலைத்தது. 1983இன் வன்செயல்களுக்குப் பின் பேராதனையிலும் கொழும்பிலும் பயின்ற பலர் வடக்கிற்குத் திரும்பினர். 1990இல் யாழ்தேவி யாழ்ப்பாணம் செல்வது நின்றது. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மீண்டும் மூடப்பட்டபோது, குடாநாட்டு மாணவர் தெற்கே செல்லக் கப்பலையோ விமானத்தையோ நம்பவேண்டியதாயிற்று. பயணம் என்னும் ஒரு கூறே முழு ஆண்டின் கணக்கையும் விழுங்கிய காலம் அது. புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டியது 2014 ஒக்டோபரிலேயே. இன்றோ மறுதிசைப் பயணமும் பெருகியுள்ளது. தெற்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் சிங்கள, தமிழ், முஸ்லிம் மாணவர் யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் வந்தாறுமூலைக்கும் செல்கின்றனர். வீட்டுக்கு அருகே பல்கலைக்கழகம் என்னும் எண்ணம் நாடளாவிய அனுமதி முறையினால் முழுமையாக நிறைவேறவில்லை.

இன்றைய கணக்கு

இன்று அனுமதி பெறும் மாணவரின் செலவை மூன்றாகப் பகுக்கலாம். ஒருமுறைச் செலவு முதலாவது. மெத்தை, நுளம்பு வலை, உடை என்பவற்றோடு, 2020இன் பெருந்தொற்றுக்குப் பின் திறன்பேசியும் கணினியும் இதில் சேர்ந்துள்ளன. உணவு, வாடகை, பயணம், நிழற்பிரதி போன்ற மாதச் செலவு இரண்டாவது. பலரும் எதிர்பாராத இடமாற்றச் செலவு மூன்றாவது. பல பல்கலைக்கழகங்களில் விடுதி முதலாம் வருடத்தினருக்கும் இறுதி வருடத்தினருக்கும் முன்னுரிமையாக வழங்கப்படுகின்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் தனியார் வீடு தேடி, முற்பணம் கட்டி, மீண்டும் ஒருமுறை குடிபெயர நேர்கின்றது. ஆகவே பல்கலைக்கழகம் செல்லல் என்பது ஒருநாட் பயணமன்று. இரண்டு, மூன்று முறை நிகழும் இடப்பெயர்வு.

இதன் மறுபக்கத்தில் வரவு நிற்கின்றது. 2015இல் மகாபொல மாதத் தொகை 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதன்பின் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அது அசையவில்லை. அவ்விடைவெளியிலேயே பொருளாதாரம் வீழ்ந்தது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. உணவுப் பொருள்களின் விலையேற்றம் அதனிலும் மிகுதி. 2025இன் வரவு செலவுத் திட்டத்திலேயே அத்தொகை 7,500 ரூபாவாகவும், ஏனைய உதவிப்பணம் 4,000 இலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. வரவேற்கத்தக்க உயர்வே எனினும், இடைப்பட்ட ஆண்டுகளின் விலையேற்றத்தை அது ஈடுசெய்துவிட்டதெனக் கூறமுடியாது. அன்றியும், இவ்வுதவி பதிவும் தெரிவும் முடிந்த பின்னரே கைக்கு வருவது. மெத்தையும் முற்பணமும் முதல் மாத உணவும் அதற்கு முன்னரே வேண்டப்படுவன. மிகுந்த செலவு முதல் மாதங்களில், வரவு அதற்குப் பின்னர் என்ற இம்முரண்பாடே வறிய குடும்பத்தை வட்டிக்கடைக்கும் நகை அடகுக்கும் அனுப்புகின்றது. நூறாண்டுகளுக்கு முந்திய யாழ்ப்பாணக் குடும்பத்தின் வழியையே இன்றைய தோட்டக் குடும்பமும் வன்னிக் குடும்பமும், அந்நாளைய காணி உறுதி தானும் இன்றி, நாடவேண்டியுள்ளது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் மூன்று முடிபுகள் பெறப்படும். விடுதி என்பது பல்கலைக்கழகத்தின் ஆடம்பர உறுப்பன்று. அனுமதிக் கொள்கையின் பிரிக்கமுடியாத பகுதி. அனுமதி எண்ணிக்கையைக் கூட்டி, கட்டில் எண்ணிக்கையைக் கூட்டாது விடுதல் செலவைக் குடும்பத்தின் தலையில் மாற்றுவதாகும். புலமைப்பரிசில் தொகை பத்தாண்டுக்கு ஒருமுறை அறிவிக்கப்படும் சலுகையாக இராது, விலைவாசியோடு இணைந்து மாறவேண்டும். அதன் முதற்பகுதி மாணவர் வளாகத்தில் காலடி வைக்கும் வாரத்திலேயே கிடைக்கவேண்டும்.

1945இன் சீர்திருத்தம் வகுப்பறையின் கதவைத் திறந்தது. அக்கதவு வரை வந்துசேரும் வழியின் செலவை அது குடும்பத்திடமே விட்டது. கட்டணம் இல்லாமையை மாத்திரம் இலவசக் கல்வி எனக் கொள்ளும்வரை அச்சீர்திருத்தம் பாதியளவிலேயே நிற்கும். எஞ்சிய பாதியை நிறைவேற்றும் கடன் அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உரியது.